சத்தத்தைக் குறைங்க

"வாணி! ஏய் வாணி! எழுந்திரு லா! அந்தம்மா கீழே வந்தாச்சு!"

சுகுமாறன் நாற்காலியைப் பிடித்து ஆட்டினார். மேசைமேல் தலை சாய்த்திருந்த வாணி, "ம்ம்… பாப்பாவுக்கு மருந்து கொடுத்துட்டேன்" என்று முனகிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தூங்குவதற்கு நல்ல நாள் பார்த்தாள்!

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடி. ஒரே அறை. அதுதான் சுகுமாறனின் கம்பெனி. கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கிறதே சிப், அதை வடிவமைக்கிற வேலை. இவர்களுடையது மிகக் கொஞ்சமாக கரண்ட் குடிக்கிற குட்டி சிப். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி போதும், மாதக்கணக்கில் ஓடும்.

இந்தத் தொழிலில் இருப்பதெல்லாம் மலை மாதிரி கம்பெனிகள். சுகுமாறனிடம் இருப்பது சில கம்ப்யூட்டர்களும் வாணியும்தான்.

அந்த வாணிதான் இப்போது குறட்டை விடாத குறை.

வந்திருப்பவர் ஜெரால்டின். ஷா ஆலமில் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியின் மேனேஜர். காது கேட்காத அம்மாக்களுக்காக ஒரு கைப்பட்டை செய்யப்போகிறார்கள். பிள்ளை அழுதால் அது கையில் அதிரும். அதற்குள் யாருடைய சிப்பை வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே தங்கள் இடத்தில் சிப்பைக் காட்டிவிட்டன. இன்று இது கிடைக்காவிட்டால் சுகுமாறன் இந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கட்டட முதலாளியிடம் கொடுக்கவேண்டியதுதான்.

கதவு திறந்தது. ஜெரால்டின் உள்ளே வந்தார். வாணியைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

சுகுமாறனுக்கு ஏர்கோன் குளிரிலும் வியர்த்தது. "சாரி மேடம், இவங்கதான் எங்க டிசைனர். இதோ எழுப்பிடுறேன்…"

"நீங்க சிப்பைக் காட்டுங்க." குரல் எழும்பவே இல்லை.

கோபம்தான், சந்தேகமே இல்லை. பெரிய இடத்து ஆட்கள் கத்த மாட்டார்கள். மெதுவாகப் பேசியே முடித்துவிடுவார்கள்.

சுகுமாறன் சிப்பை மேசைமேல் வைத்தார். "சிப் முழிச்சிச்சின்னா இந்தப் பச்சை விளக்கு எரியும் மேடம். மத்த நேரமெல்லாம் தூங்கும். கண்ட சத்தத்துக்கும் முழிக்காது. அதான் பேட்டரி மிச்சம்."

"ஓ, இங்க சிப்பும் தூங்குமா?" ஜெரால்டினின் பார்வை வாணி பக்கம் போய்த் திரும்பியது.

சுருக்கென்று இருந்தது சுகுமாறனுக்கு. ஸ்பீக்கரைப் போட்டார். முதல் சத்தம், லோரி ஹாரன். அறையே அலறியது.

ஜெரால்டின் சட்டென்று கையை உயர்த்தினார். "சத்தத்தைக் குறைங்க."

குறைத்தார்.

"இன்னும்."

"மேடம், ரொம்பக் குறைச்சா சிப்புக்குக் கேக்கறது கஷ்டம். வீட்டுல எந்தப் பிள்ளை மேடம் இவ்வளவு மெதுவா அழும்?"

"இன்னும் குறைங்க, மிஸ்டர் சுகுமாறன்."

வேண்டாம் என்றால் நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே! பெரிய கம்பெனிக்குக் கொடுப்பதென்று முடிவு பண்ணிவிட்டு, இங்கே வந்து சாக்குத் தேடுவானேன்? பல்லைக் கடித்துக்கொண்டு சத்தத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனார்.

லோரி ஹாரன் கொசு மாதிரி கேட்டது. விளக்கு எரியவில்லை. கோயில் தவில். எரியவில்லை. ஒரு குழந்தையின் அழுகை. அப்போதும் எரியவில்லை.

"பிள்ளை அழுதுச்சே?"

"அது பக்கத்து வீட்டுப் பிள்ளை மேடம். நம்ம பிள்ளை எதுன்னு சிப்புக்கு முதல்லயே பழக்கிடுவோம். அடுத்ததுதான் அது. வாணியோட மகள். வாணியே வீட்டுல பதிவு பண்ணிட்டு வந்தாங்க."

முருகா என்று பொத்தானைத் தட்டினார்.

அதை அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. அழலாமா வேண்டாமா என்று பிள்ளை யோசிக்கும்போது வருமே ஒரு சிணுங்கல், அது. சுகுமாறனின் காதில் விழவே இல்லை. 'போச்சு' என்று கண்ணை மூடப்போனார்.

பச்சை விளக்கு எரிந்தது.

அதே நொடியில் வாணியின் தலையும் எழுந்தது. "தோ வரேன்டா தங்கம்! அம்மா வந்துட்டேன்!"

துள்ளி எழுந்து நின்றவள், எதிரே ஜெரால்டினைப் பார்த்ததும் கன்னத்தில் கீபோர்டு பதிந்த தடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, சாரி மேடம்… பாப்பாவுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல். இப்ப விட்டிருச்சு. வீட்டுக்காரர் லீவு போட்டுப் பார்த்துக்கறாரு. இன்னிக்கு வராம இருக்கக் கூடாதுன்னு கிள்ளான்லேருந்து முதல் கொமியூட்டர் ரயிலைப் பிடிச்சேன்… எப்படித் தூங்கினேன்னே தெரியல."

ஜெரால்டின் விளக்கைப் பார்த்தார். வாணியைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"ரெண்டும் ஒண்ணா முழிக்குதே! காது நல்லா கேக்குற எனக்கே அந்தச் சத்தம் கேக்கல." பையை எடுத்துக்கொண்டார். "திங்கட்கிழமை ரெண்டு பேரும் ஷா ஆலம் வாங்க. எங்க லேப்ல ஒருவாட்டி ஓட்டிப் பார்த்துட்டு ஒப்பந்தம் போட்டுடலாம். வாணி, நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க."

வழியனுப்பப் படியிறங்கும்போதும் சுகுமாறனுக்கு மனசு ஆறவில்லை. கேட்டே விட்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அந்த ரெண்டு பெரிய கம்பெனிக்கும் இதே டெஸ்ட்தானா? அவங்களையும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னீங்களா?"

"டெஸ்டா?" பாதிப் படியில் நின்று திரும்பினார் ஜெரால்டின். "அங்க எதுக்குக் குறைக்கணும்? அங்க யாரும் தூங்கிட்டு இருக்கலையே!"