வடிகட்டியில் புளிப்பு வாசம்

சரிவில் பாதிப் புல் இன்னும் நிற்கிறது. இன்று வெட்டி நாளை காய்ந்தால்தான் மழைக்கு முன் தீவனம் வீடு சேரும். இல்லையென்றால் பனிக்காலத்துக்குள் குதிரையை விற்க வேண்டியதுதான். ஒரோஸ்பெக் புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை மறுபடி இழுக்கிறான். அது இருமி உயிர்பிடிக்கிறது. விசையை அழுத்தியதும் மூச்சடைத்து நின்றுவிடுகிறது. காலையிலிருந்து இதே கூத்து. பிளக்கைத் துடைத்தாயிற்று, கார்புரேட்டரை ஊதியாயிற்று. மனைவி துர்சுன், குவித்து வைத்த புல்மேல் சாய்ந்தபடி, "பெட்ரோல் மேல ஏறுதான்னு பாருய்யா" என்கிறாள். "எல்லாம் பாத்தாச்சு. மிஷினே தண்டம். உன் தம்பி வாங்கிக் குடுத்ததுதான?" அவள் எழுந்துவந்து, வளைத்த கம்பியை டாங்கிக்குள் விட்டு ரப்பர் குழாயை வெளியே இழுக்கிறாள். நுனியில் தொங்கும் வடிகட்டி முழுக்க வெள்ளைத் திப்பி. முகர்கிறாள். பெட்ரோல் நெடிக்கு அடியில் குமிஸ், புளித்த குதிரைப்பால். அவள் பார்வை புல்லில் கிடக்கும் பெட்ரோல் பாட்டிலுக்குப் போகிறது. நேற்று அவன் குமிஸைக் குடித்து முடித்த அதே பாட்டில். "அலசினேனே..." என்கிறான் மெல்ல. துர்சுன் வடிகட்டியை அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "இதையும் என் தம்பிதான் குடிச்சானா?" நிற்கும் புல்லை விட்டு வெயில் மெதுவாக மலைமேல் ஏறிப்போகிறது.