வெளிச்சம் விழுந்த இடம்

பொரித்த முட்டையின் மேல் சர்க்கரையை அள்ளித் தூவினார் வெர்ஜில்.

"அப்பா, அது உப்பு இல்ல." நோரீன் தட்டை மாற்றி வைத்தாள். "நேத்தும் இதே கூத்துதான்."

எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் ராய்ஸ் ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். மாமனாரின் மறதி நோயை நினைத்து வருத்தப்பட்டே அவனுக்குப் பழக்கம். இன்று அந்த மறதி நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதே அவனை அரித்தது.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், அவர்கள் தெருவில் போன மாதம் அடுத்தடுத்துத் திருட்டு. ராய்ஸ் தன் கைத்துப்பாக்கியின் குழலுக்குக் கீழே ஒரு டார்ச் மாட்டிக்கொண்டான். "வெளிச்சம் எங்க விழுதோ, குண்டும் அங்கதான் போகும்" என்று துப்பாக்கிக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

நேற்று ராத்திரி, நோரீன் மருத்துவமனையில் வேலையில் இருந்தபோது, சமையலறையில் ஏதோ உருண்டது. கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் விளக்கு ஸ்விட்ச் இருந்தது. ராய்ஸ் அதைத் தொடவில்லை. துப்பாக்கி டார்ச்சைத்தான் அழுத்தினான்.

வெளிச்சம் வெர்ஜிலின் நெஞ்சில் விழுந்தது. அவர் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் பாலோடு ஃப்ரிட்ஜ் முன்னால் விழுந்து நொறுங்கியது. ராய்ஸின் விரல் அப்போது துப்பாக்கி விசையின் மேல் இருந்தது. யாரென்று பார்ப்பதற்கே அவன் அவரைக் குறி வைத்திருந்தான்.

பிறகு கண்ணாடிச் சில்லுகளையெல்லாம் கூட்டி அள்ளி, அவரைக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தான். அவர் உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பாவோட டம்ளர் எங்க, ராய்ஸ்?" அலமாரியில் தேடிக்கொண்டே கேட்டாள் நோரீன். "ராத்திரி ஏதாவது உடைஞ்சுதா?"

சொல்லிவிடுவதென்று ராய்ஸ் நிமிர்ந்தான். அதற்குள் வெர்ஜில் முந்திக்கொண்டார். "உடைஞ்சா சத்தம் கேட்காதா? நான் அசந்து தூங்கினேன்."

சொல்ல வந்ததை ராய்ஸ் விழுங்கினான்.

வெர்ஜில் பால் எடுக்க வெறுங்காலோடு எழுந்தார். ஃப்ரிட்ஜுக்கு நேராகப் போகாமல், மேசையை முழுக்கச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய்க் கதவைத் திறந்தார். பாவம், வீட்டுக்குள்ளேயே வழி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டான் ராய்ஸ்.

நோரீன் குளிக்கப் போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை ஃப்ரிட்ஜ் பக்கமே நின்ற வெர்ஜில், மெதுவாக வந்து மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் மணிக்கட்டின் மேல் கை வைத்தார்.

"நேத்து அந்த வெளிச்சம் ரொம்ப நடுங்குச்சே, இப்ப கை பரவாயில்லையாப்பா?"