ஒத்தக்கை அடி

“சித்திரைக்குள்ள ஒனக்கு வேல கெடைக்கலன்னா, எங்களையும் சேத்து லயத்தவிட்டு வெரட்டிடுவாங்க மாப்பிள்ள,” என்றான் லோரன்ஸ்.

பழைய தேயிலைத் தோட்டத்தில் வேலை போனபின், சவரியானும் மனைவி பிலோமினாவும் வட்டகொடைத் தோட்டத்துக்கு வந்து அவள் அண்ணன் லோரன்ஸின் ஒற்றைக் காம்பிராவில், லயத்து அறையில்தான் ஒண்டியிருந்தார்கள். அங்கே தோட்டத்தை நடத்தும் துரை புது ஆள் எடுப்பதில்லை. ஆனால் எல்லே ஆட்டமென்றால் அவருக்குப் பைத்தியம். கம்பால் பந்தை நல்ல தூரம் அடிப்பவனுக்கு உடனே வேலைக்குப் பேர் பதிந்துவிடுவார்.

தினமும் விடிந்ததும் சவரியான் தண்ணீர் வாளி தூக்கினான், விறகு பிளந்தான், ஈரச்சாக்கு கட்டிய கம்பை நூறு தடவை வீசினான். பிலோமினா தன் பங்கு ரொட்டியையும் அவனுக்கே வைத்தாள்.

“தோள் எரியுது புள்ள.”

“எரியட்டும். இன்னொரு தடவ வீசுங்க.”

ஆட்டத்தன்று அவன் ஒரு கையைக் கோட்டுப் பையில் விட்டபடி, மறு கையால் கம்பைப் பிடித்து நின்றான்.

“திமிரப் பாரு,” என்றார்கள் கூட்டத்தில்.

அவன் அடித்த பந்து ஆற்றைத் தாண்டிப் போய் விழுந்தது.

துரை ஓடி வந்தார். “ஒத்தக் கைக்கே இந்தப் பலமா? நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வந்து வேலைக்கு நில்லு,” என்று கைகுலுக்கத் தன் வலது கையை நீட்டினார்.

சவரியான் சட்டென்று அவர் காலில் விழுந்தான். சந்தோஷத்தில் விழுகிறான் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பிலோமினாவுக்குத்தான் அழுகை வந்தது. பழைய தோட்டத்து மெஷினில் நசுங்கிய நாளிலிருந்து, கோட்டுப் பைக்குள் கிடந்த அந்த வலது கை அசைந்ததே இல்லை.