நெடுநாள் பார்க்காத ஒருவருக்கு

அன்புள்ள ராபர்ட் என்று தொடங்க வேண்டிய இடத்தில் அவள் பென்சில் நின்றுவிட்டது.

கேள்வி சுலபம்தான். நெடுநாள் பார்க்காத ஒருவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். பார்க்க வருவதாகச் சொல்ல வேண்டும். இந்தத் தேர்வில் தேறினால்தான் வெளிநாட்டில் நர்ஸ் வேலை.

கோச்சிங் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே சிநேகிதன், ராபர்ட். இல்லாத அவனுக்கு ஒரு கடிதத்தை எழுதி, எல்லோரையும் நெட்டுருப் போட வைத்திருந்தார் ஜோன்ஸ் சார். அதில் 'கம் வாட் மே' கட்டாயம் வர வேண்டும். என்ன வந்தாலும் சரி, செய்தே தீருவேன் என்று அர்த்தம். இடமறிந்து போட்டால் மார்க் தானாக விழும் என்பார்.

ராபர்ட்டைப் பார்க்க அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

அன்புள்ள பெல்சி, என்று எழுதினாள்.

தங்கை பேச்சை நிறுத்தி ஆறு வருடம். அம்மா செத்த அன்று இவளுக்குச் சென்னையில் ஐசியூ டியூட்டி. மாற்றிவிட ஆள் இல்லை. மறுநாள் ஊரில் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது.

"நீ வரணும்னு நெனச்சிருந்தா வந்திருப்பக்கா," என்றாள் பெல்சி. அதோடு சரி. அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை.

தமிழில் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்திருக்கிறாள். முதல் வரியிலேயே நின்றுவிடும்.

ஆங்கிலத்தில் நிற்கவில்லை.

மன்னித்துவிடு என்பதுகூட லேசாக வந்தது. அடுத்த மாதம் உன் மகளுக்குக் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை விழாவாமே, யாரோ சொன்னார்கள். நீ கூப்பிடாவிட்டாலும் வருவேன்.

கம் வாட் மே.

அவளுக்கு அழுகை வந்தது.

நேரம் முடிந்தது. மேற்பார்வையாளர் தாளை இழுத்தார். அவள் விடவில்லை.

"மேடம், கைய எடுங்க. கட்டி சீல் வைக்கணும்."

"ஒரு காப்பி கெடைக்குமா?"

"அதெல்லாம் கெடைக்காது மேடம்."

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. கடிதத்துக்கு நல்ல மார்க். வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம். ஜோன்ஸ் சார் பூரித்துப்போய் போன் செய்தார்.

"நம்ம ராபர்ட்டுக்குத்தானேம்மா எழுதுன?"

"பெல்சின்னு போட்டேன் சார்."

"அது யாரு?"

விடுதி அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். சொல்லியிருக்கலாம்.

"சும்மா ஒரு பேரு சார்," என்றாள்.