வெறும் வயிறு

காலை பத்தே முக்கால். கல் தெறித்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

ஆபரேஷன் மேசையில் கிடந்த நல்லகாமன் வாடிப்பட்டிப் பக்கம் கிணறு வெட்டுகிறவன். உளி பட்டுத் தெறித்த சில்லு வலக்கண்ணைக் கிழித்திருந்தது. இடக்கண் சின்ன வயதில் அம்மையோடு போனது.

இருப்பது இது ஒன்றுதான்.

கிழிந்த கண்ணுக்குள் அழுத்தம் ஏறக் கூடாது. ஏறினால் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கிவிடும். இருமாதே, முக்காதே, அழாதே என்று டாக்டர் ஆனிமேரி அவனிடம் சொல்லியிருந்தாள்.

மயக்கம் கொடுப்பது அவள் வேலை. தைப்பது டாக்டர் கிருபாகரனின் வேலை. அவர் கையுறை மாட்டி நின்றபடி, இன்றைக்கே தொடங்கலாமா, இல்லை அழகர் ஆற்றில் இறங்கி முடியட்டுமா என்று கேட்டார்.

தட்டில் இரண்டு ஊசிகள் இருந்தன.

உடம்பைத் தளர்த்தினால்தான் தொண்டைக்குள் குழாய் இறங்கும். ஒரு மருந்து ஒரே நிமிடத்தில் தளர்த்தும். ஆனால் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். இன்னொன்று கண்ணைத் தொந்தரவு செய்யாது. மூன்று நிமிடம் எடுக்கும். அந்த மூன்று நிமிடமும் தொண்டை காவலில்லாமல் கிடக்கும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும்.

ஆளே போய்விடலாம்.

சாப்பிட்டாயா என்று ஆனிமேரி அவனிடம் மூன்று முறை கேட்டுவிட்டாள். சோறு, காப்பி, வெற்றிலை என்று பெயர் சொல்லியே கேட்டாள். ராத்திரிச் சோற்றுக்கு அப்புறம் பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்றான். நாலாவது முறை கேட்டபோது, இம்புட்டு விசாரணைக்கு ஒரு வாய் தின்னுட்டே வந்திருக்கலாம் என்று சிரிக்கப் பார்த்தான்.

சிரிக்காதே என்றாள்.

வெளியே நின்ற அவன் மனைவி சின்னத்தாயும் அதையே சொன்னாள். எதுவும் சாப்பிடவில்லை.

ஆனிமேரி வேகமான ஊசியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். தள்ளிய பிறகும் கை ஒருமுறை அங்கே போய் வந்தது.

முதலில் தூக்க மருந்து. மெதுவாக ஏற்றினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் விரல்களைப் பார்த்தாள். மறுபடியும் கடிகாரம்.

"நாக்குல வெங்காயம் மணக்குது தாயி."

எல்லோரும் சொல்வதுதான். இந்த மருந்து ஏறும்போது பலருக்கும் நாக்கில் வெங்காய வாடை தட்டும். அவள் தலையாட்டினாள். மிச்ச மருந்தையும் அழுத்தினாள்.

நல்லகாமனுக்கு நாக்கு குழறியது.

"கூழுக்குக் கடிச்சது. இப்பத்தான், ஆசுபத்திரி வாசல்ல. சொன்னா நாளைக்குன்னு தள்ளிப்புடுவீகன்னாக... கண்ணு தப்பிச்சிரும்ல, தாயி?"