தூளியை ஆட்டியது யார்?

மலைக்கு அடியில் இருந்த ஆய்வகத்தில் துளைக்கருவி ஓடும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. பாறைக்குக் கீழே யுகயுகமாய்க் கிடக்கும் பேருயிர் சீறுகிறது என்று எல்லோரும் பயந்தார்கள். அன்று கருவியை நிறுத்திவிட்டு, அதைக் கொல்ல வெடி வைத்தார்கள். அதை வெடிக்கச் செய்யும் பொத்தான் பொறியாளர் எஸ்தரின் கையில் இருந்தது.

அடுத்த அறையில் அவள் குழந்தை பசித்து அழுதது. உடனே தரை அசைந்தது. எஸ்தர் எட்டிப் பார்த்தாள். சேலைத் தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை கண்ணயர்ந்ததும் அதிர்வும் அடங்கியது.

"தினமும் கருவிச் சத்தத்துல இவன் எழுந்து அழுவான் சார்," என்றாள் பக்கத்தில் நின்ற தலைவரிடம். "பிள்ளையைக் கிள்ளிவிட்டது நாம. தொட்டிலை ஆட்டினது அது."

"சீறுதுன்னு நினைச்சோமேம்மா," என்றார் தலைவர் இஸ்ரவேல்.

எஸ்தர் பொத்தானைக் கீழே வைத்தாள். இஸ்ரவேல் தன் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கர்த்தரின் பெயரை முணுமுணுத்தபடி வெறுங்காலோடு மெல்ல நடந்தார், கீழே இருப்பதும் தூங்கட்டும் என்று.