கை ஆட்டிய பெண்கள்

எதிரே வந்த குட்டி லாரியிலிருந்தும் ஒருத்தி சிரித்தபடி கை ஆட்டிவிட்டுப் போனாள். காரை ஓட்டிக்கொண்டிருந்த யோஷிரோ பார்வையைச் சாலையிலேயே பதித்துக்கொண்டான்.

“இவ யாரு?” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி சயாகா.

“சத்தியமா தெரியாதும்மா. இந்தத் தீவுக்கு நான் வர்றதே இதுதான் முதல் தடவை.”

“தெரியாதவதான் இப்படிப் பல்லைக் காட்டுறாளா? தபால்காரி கை ஆட்டுறா, பள்ளிக்கூட வாசல்ல நின்ன டீச்சர் ஆட்டுறா! எரிமலையைத் தவிர ஒண்ணுமில்லாத ஊரு, வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? டோக்கியோ போனதும் முதல் வேலையா வக்கீலைப் பார்க்கிறேன்.” தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யோஷிரோவுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. கொஞ்ச நாளாக வீட்டில் இருவருக்கும் பேச்சே குறைந்துபோயிருந்தது. ரெண்டு நாள் தனியாக இருந்தால் சரியாகிவிடும் என்று அரும்பாடுபட்டு ஹெலிகாப்டரில் இடம் பிடித்து அழைத்து வந்திருந்தான்.

எரிமலைக் குழிக்குள் இறங்கி, பூமிக்குள்ளிருந்து வரும் ஆவியில் ஊரார் சமைக்கும் பொது நீராவி அடுப்பருகே காரை நிறுத்தினான். விடுதியில் கொடுத்த முட்டையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் உள்ளே வைத்து மூடிவிட்டு, ஆவியை எப்படித் திறப்பது என்று தெரியாமல் விழித்தான்.

“தள்ளுங்க.” சயாகா பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஆவிக் குழாயின் திருகைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினாள். ஆவி சீறிக்கொண்டு வந்தது. கோபத்திலும் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டான் அவன்.

பக்கத்து அடுப்பில் மீன் வேகவைத்துக்கொண்டிருந்தாள் ஹத்சுயே என்ற உள்ளூர்க்காரி. யோஷிரோ அவளிடமே போய் நின்றான். “நீங்களே சொல்லுங்கக்கா, இங்கே எல்லாரும் ஏன் எனக்குக் கை ஆட்டுறாங்க?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்களுக்கா? அட, நீங்க வேற! அது விடுதிக்காரர் குமேதாவோட காரு. எங்க ஊருல வண்டியைப் பார்த்தே கை ஆட்டிடுவோம். உள்ளே யாருன்னு எவ பார்க்கிறா?”

யோஷிரோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “கேட்டியா சயாகா?” என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

சயாகா புழுக்கத்தில் கழற்றி வைத்த தொப்பியை அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஹத்சுயே அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்புறம் யோஷிரோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தாள்.

“அட, நீங்களாம்மா! போன தடவை இருந்த தாடியை எடுத்ததுல உங்க வீட்டுக்காரரை எனக்கு அடையாளமே தெரியலை!”